கங்காணி போய்விட்டார், இனி யாரிடம் சொல்வது?



வேலை இடத்தில் நல்ல பெயர் எடுப்பது எப்படி, உடன் வேலை செய்பவர்களோடு ஒத்துப் போவது எப்படி என்பது இன்றைய தலைப்பு. இதைப் பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் டேல் கார்னகி 1936-ஆம் ஆண்டில் நண்பர்களைப் பெறுவது பற்றி எழுதிய நூல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. புன்னகை செய்யுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள், எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேளுங்கள் என்பன போன்ற நல்ல ஆலோசனைகள் அதில் உண்டு. ஆனால் ஜாசினிலோ மெர்லிமாவிலோ தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் சிக்கல் வேறு. அவருக்குச் சிரிக்கத் தெரியும். வேலையும் தெரியும். உழைப்புக்கு அஞ்சுபவரும் அல்லர். மேலே இருப்பவரிடம் ஒரு செய்தியை உரிய நேரத்தில் வாய் திறந்து சொல்வதுதான் அவருக்கு வருவதில்லை. பழக்கமில்லை என்று சொல்வதே சரி.

அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை என்பதற்கு நம் மலாக்கா மண்ணிலேயே விடை இருக்கிறது.

மலாயாவில் வாணிபத்துக்காக முதன்முதலில் ரப்பர் பயிரிடப்பட்டது மலாக்காவில்தான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று பார்க்கும் தோட்டக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பி பயிரிட்டவர்கள் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் மட்டும் காது கொடுத்துக் கேட்டார். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் அதைவிடப் பன்மடங்கு பெரிய தோட்டம் எழுந்தது. ரிட்லி சொல்லிக்கொண்டே இருந்ததும், டான் சாய் யான் கேட்டுக்கொண்டதும் சேர்ந்துதான் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றின.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்ட வந்த நம் முன்னோர்களுக்குச் சொல்லும் வேலை இருக்கவில்லை. மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அடுத்து கங்காணி அல்லது தண்டல், எல்லோருக்கும் கீழே பாட்டாளி என்று அங்கே படிகள் இருந்தன. துரை சொன்னதைக் கிராணி கங்காணியிடம் சொல்வார், கங்காணி லயத்துக்கு வந்து சொல்வார். சொல் மேலிருந்து கீழே மட்டுமே இறங்கியது. கீழிருந்து ஏதாவது மேலே போக வேண்டுமானால் கங்காணியின் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எத்தனை பேரை அன்றைக்கு வேலைக்கு இறக்கினாரோ, தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒருவர் பெரட்டுக்கு வராவிட்டால் கங்காணிக்குத்தான் நட்டம். ஆகவே அவரே லயத்துக்கு ஓடி வந்து கதவைத் தட்டுவார், திட்டுவார், காய்ச்சலா என்று பார்ப்பார். வேலைக்கு வர முடியவில்லை என்று தொழிலாளி யாருக்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. தேடி வருவதற்கு ஆள் இருந்தது.

இந்தியாவிலிருந்து உதவி பெற்றுத் தொழிலாளர் புலம்பெயர்வதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. ஆள் பிடிக்கும் கங்காணி முறை அத்தோடு முடிந்தது. பிறகு தொழிற்சங்கங்கள் வந்தன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்தார்கள். 1973-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் மலாக்காவில் தொழிற்சாலை தொடங்கியது. அதுதான் பின்னாளில் இன்பினியன் ஆயிற்று. 2003-இல் அலோர் காஜா வட்டாரத்தின் பெகோவில் ஹோண்டா கார்த் தொழிற்சாலை வந்தது. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். அங்கே எல்லாம் இருக்கிறது, தேடி வருகிற கங்காணி மட்டும் இல்லை. ஆனால் மூன்று தலைமுறைப் பழக்கம் அவ்வளவு எளிதில் போய்விடுமா?

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டுகளாக ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். திங்கட்கிழமை இரவு பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல். மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பிள்ளையின் பக்கத்திலேயே மூன்று நாள் இருக்கிறார். போன் கையில்தான் இருக்கிறது. தோழி ஒருத்திக்கு "நான் வரல, நீ சொல்லிடு" என்று ஒரு செய்தி அனுப்புகிறார். தோழி மறந்து போகிறாள், அல்லது பயந்துகொண்டு சொல்லாமல் விடுகிறாள். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனால் கையில் கடிதம் காத்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் காரணம் நியாயமானது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். முன் அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராதவர், வேலை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டவராகக் கருதப்படுவார். தப்பிக்க வழி உண்டு, ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள். நியாயமான காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை முன்கூட்டியோ, கூடிய விரைவிலோ முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். காரணம் மட்டும் போதாது. நோய் விடுப்புக்கும் அப்படித்தான். மருத்துவரின் சான்று கையில் இருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ செய்யாவிட்டால், அனுமதியின்றி வராதவராகவே சட்டம் அவரைக் கருதும்.

தோழியிடம் சொல்வது முதலாளியிடம் சொன்னதாகாது. அந்தத் தோழி கங்காணி இல்லை. சூப்பர்வைசருக்கு ஒரு போன், எடுக்காவிட்டால் ஒரு குறுஞ்செய்தி, மனிதவளப் பிரிவுக்கு இன்னொன்று. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் ஐந்தாண்டு வேலை காப்பாற்றப்படும். கடிதம் கைக்கு வந்தே விட்டால், வீட்டுக்குப் போய் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. நியாயமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதுகிறவர், நீக்கப்பட்ட 60 நாள்களுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையிட வேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

கீரையின் பெயரில் ஒரு பாடம்

ஜப்பானிய நிறுவனங்களில் புதிய ஊழியருக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடங்களில் ஒன்று 'ஹோரென்சோ'. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒரு வகைப் பசலைக் கீரை! அறிக்கை சொல், செய்தி தெரிவி, கலந்து பேசு என்ற பொருள் தரும் மூன்று ஜப்பானியச் சொற்களின் முதல் எழுத்தொலிகளைச் சேர்த்தால் கீரையின் பெயர் வந்துவிடுகிறது. நினைவில் நிற்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

கொடுத்த வேலை எந்த அளவில் இருக்கிறது என்று, கேட்பதற்கு முன்பே சொல்வது முதலாவது. மாற்றம் ஏதும் வந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிப்பது இரண்டாவது. சந்தேகம் வந்தால் தானே முடிவு செய்யாமல் கேட்பது மூன்றாவது. இந்த மூன்றில் நம்மவர்களுக்கு மிகவும் கடினமானது முதலாவது என்று தோன்றும். உண்மையில் மூன்றாவதுதான். "இது கூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ" என்ற கூச்சம். தோட்டத்தில் மரத்தைக் காயப்படுத்திவிட்டால் திட்டு விழும், ஆகவே மறைக்கப் பழகினோம். தொழிற்சாலையில் மறைத்த பிழை நூறு மடங்காகப் பெருகி வரும். டொயோட்டா நிறுவனத்தில் சாதாரணத் தொழிலாளி தவறு ஒன்றைக் கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். அதற்காக அவரைத் திட்டுவதில்லை. பிழையைச் சொன்னவருக்கு நன்றி சொல்லும் இடம் அது. எல்லா இடமும் அப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாதுதான். திட்டுகிற சூப்பர்வைசர்களும் உண்டு. ஆனால் பிழையை முதல் பத்து நிமிடத்தில் சொன்னவர் வாங்கும் திட்டும், மூன்று நாள் கழித்துப் பிடிபட்டவர் வாங்கும் திட்டும் ஒரே அளவு அல்ல.

மறைப்பதற்கு அண்ணன் முறையில் இன்னொரு பழக்கம் உண்டு. அது எல்லாவற்றுக்கும் 'போலே' சொல்வது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வர முடியுமா என்று கேட்டால் 'போலே'. இந்த லாட்டை இன்றே முடிக்க முடியுமா என்றால் 'போலே'. மனத்துக்குள் முடியாது என்று தெரியும். ஞாயிறு அக்காள் மகளுக்குக் காதுகுத்து. ஆனால் முகத்துக்கு நேரே மறுக்க வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டுக் காதுகுத்துக்குப் போய்விடுவார். முடியாது என்று சொன்னவரை முதலாளி மறந்துவிடுவார். முடியும் என்று சொல்லிவிட்டு வராதவரை ஆண்டு இறுதி போனஸ் வரைக்கும் நினைவில் வைத்திருப்பார்.

வியாழக்கிழமையே "ஹரி அஹாட் தாக் போலே, சப்து போலே" என்று சொல்லிப் பார்க்கலாம். ஞாயிறு முடியாது, சனிக்கிழமை முடியும். மறுப்போடு ஒரு மாற்று வழியும் சேர்ந்து வந்தால் கேட்பவருக்குக் கோபம் வராது. மூன்று நாள் முன்பே வந்தால் அவருக்கு வேறு ஆள் பார்க்கவும் நேரம் இருக்கும்.

அண்ணனுக்கு எப்படி உத்தரவு போடுவது?

இது பட்டணத்துத் தொழிற்சாலைகளில் புதிதாக வந்திருக்கும் சங்கடம். தோட்டத்தில் பிறந்த பையன் பாலிடெக்னிக்கில் படித்து, இருபத்து நான்கு வயதில் லைன் லீடராக வருகிறான். அவன் கீழே வேலை செய்பவர்களில் அவனுடைய அப்பாவோடு மரம் வெட்டியவரும் இருக்கிறார். லயத்தில் அவரைப் பெரியப்பா என்றோ அண்ணே என்றோ கூப்பிட்டு வளர்ந்தவன், இங்கே அவர் தாமதமாக வந்தால் கேட்க வேண்டும். பாதிப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர், தாங்கள் லீடர் என்பதை நிரூபிக்க வேண்டும் என்று எண்ணி, எல்லோருக்கும் நடுவில் கத்திவிடுகிறார்கள். இரண்டும் கெடுதல். முதல் வகையில் மலாய், சீன ஊழியர்கள் "அவர் ஆளுக்கு மட்டும் சலுகை" என்று பேச ஆரம்பிப்பார்கள். இரண்டாவது வகையில் அந்தச் செய்தி அன்று இரவே லயத்துக்குப் போய்ச் சேரும். அப்பா அம்மா வரைக்கும் வரும்.

முறை சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. கேன்டீனில், தனியாக, இப்படிச் சொல்லலாம்: "அண்ணே, மூணு நாளா ஏழேகாலுக்குத்தான் வர்றீங்க. வீட்ல ஏதும் பிரச்சினையாண்ணே? பஸ் லேட்டுன்னா சொல்லுங்க, பேசிப் பார்க்கலாம். நாளைலேருந்து ஏழுக்கு நீங்க இங்க இருக்கணும். இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் எழுதிக் கொடுத்துத்தான் ஆகணும்." அழைப்பில் மரியாதை, செய்தியில் உறுதி. நாள், நேரம், அடுத்து என்ன நடக்கும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. 'நீங்கள் எப்பவுமே இப்படித்தான்' என்ற சொல் அதில் இல்லை. அந்த ஒரு சொல்தான் பெரும்பாலான சண்டைகளின் தொடக்கம்.

பெரியவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. 'தம்பி' என்று கூப்பிடலாம், தவறில்லை. லைனில் எல்லோர் முன்னிலையிலும் 'டேய்' என்பது கூடாது. அந்தப் பையனுக்கு மதிப்புப் போனால், நாளைக்குச் சம்பள உயர்வுக்குப் பரிந்துரை எழுதும் கைக்கும் மதிப்பு இருக்காது.

பாராட்டுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் தலைகீழாக. பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும், நல்லதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். நம்மவர்கள் பிழையை மைக் வைத்துச் சொல்வார்கள், பாராட்டை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள்!

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று பேர் சாப்பிட உட்காரும்போது ஒருவர் மலாய்க்காரராகவோ நேப்பாளியாகவோ இருந்தால், மற்ற இருவரும் தமிழில் பேசிச் சிரித்தால் அவர் என்ன நினைப்பார்? தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பார். அதே இடத்தில் இரண்டு சீனர்கள் ஹொக்கியனில் பேசிச் சிரித்தால் நமக்கு என்ன தோன்றுமோ, அதேதான். ஐந்து நிமிடத்துக்கு மலாய்க்கு மாறினால் தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது. நோன்புப் பெருநாள் வாரத்தில் மலாய்த் தோழரின் ஷிப்டைத் தாமாக ஏற்றுக்கொள்பவருக்குத் தீபாவளிக்கு ஆள் தேட வேண்டியிருக்காது. பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலைக்குப் போகும் மாசி மக ஊர்வலத்துக்கும் அப்படித்தான். மாசி மகம் வார நாளில் வந்தால் விடுப்பு எடுத்துத்தான் போக வேண்டும். முந்தின நாள் மாலை கேட்டால் எந்த மேலாளர் கொடுப்பார்? ஜனவரியிலேயே நாள் தெரிந்துவிடுகிறது. ஜனவரியிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

உளி பிடித்த கையின் அறிவு

தோட்டம் நமக்குக் கெட்ட பழக்கத்தை மட்டும்தான் தந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். நேர நிர்வாகம் கற்றுத் தருவதாக ஹோட்டல்களில் நூற்றுக்கணக்கான வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே சொல்வதைப் பால்வெட்டுக்காரர் வீட்டில் இலவசமாகக் கேட்கலாம்.

விடியுமுன் ஏன் மரத்தடிக்குப் போனார்கள்? துரையின் கட்டளை என்பதால் மட்டுமல்ல. வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்றும், பட்டைக்குள் பாலின் அழுத்தம் குறையும், மங்கில் விழும் பால் குறையும். அதிகாலையில் அழுத்தம் அதிகம், பால் தாராளமாக ஓடும். ஒவ்வொரு மனிதருக்கும் பால் தாராளமாக ஓடும் நேரம் ஒன்று உண்டு. சிலருக்குக் காலை, சிலருக்கு இரவு. கடினமான வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொண்டு, கணக்கு எழுதுவது, ட்ரே அடுக்குவது போன்றவற்றை மற்ற நேரத்துக்குத் தள்ளுவதுதான் திறமை.

இன்னொன்று. உளியைக் கொஞ்சம் ஆழமாக விட்டால் பட்டைக்குள் இருக்கும் வளரும் படலம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. தினமும் வெட்டினால் மரம் களைத்துப் போய்ப் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினார்கள். மரத்துக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர்கள், மாதம் முழுவதும் ஞாயிறு உட்பட ஓ.டி. செய்துவிட்டுப் பெருமையாகச் சொல்கிறார்கள்! சட்டப்படி வாரத்துக்கு வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாக 2023 ஜனவரி முதல் குறைக்கப்பட்டிருக்கிறது. அதே திருத்தத்தில், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து வழி விண்ணப்பிக்க இடம் தரப்பட்டிருக்கிறது. முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து வழி பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். கிடைத்தே தீரும் என்பதில்லை. ஆனால் இரவு ஷிப்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று வேலையையே விட்டுவிடும் தாய்மார்கள், விடுவதற்கு முன் ஒரு தாள் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்களா?

பெண்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய புகாரை லைன் லீடரிடம்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, குறிப்பாக அவரே தொல்லைக்குக் காரணமாக இருக்கும்போது. மனிதவளப் பிரிவிடம் நேராகப் போகலாம், தொழிலாளர் இலாகாவுக்கும் போகலாம். வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று வாயைக் கட்டிப் போடும் உறவினர்களால்தான் தொல்லை கொடுப்பவன் துணிகிறான்.

கோபத்தில் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு வருபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்துக்கு வீரமாகத்தான் இருக்கும். லயத்தில் கைதட்டும் கிடைக்கும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், ஐந்தாண்டு வரை செய்தவர் 6 வாரமும், அதற்கு மேல் 8 வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போனால் அந்தக் காலத்துச் சம்பளத்தை ஊழியர்தான் முதலாளிக்குக் கட்ட வேண்டியிருக்கும். எறிவதற்கு முன் ஓர் இரவு தூங்கிப் பார்க்கலாம். காலையிலும் அதே முடிவு என்றால், கடிதமாக எழுதி, கையெழுத்திட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு போகலாம்.

நகல் என்றதும் நினைவுக்கு வருகிறது, மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன '555' புத்தகம். தோட்டத்து வீடு ஒவ்வொன்றிலும் இருந்தது. அரிசி எவ்வளவு, கருவாடு எவ்வளவு, எந்தத் தேதி என்று கடைக்காரர் எழுதுவார், அம்மாவும் சரி பார்ப்பார். அதே புத்தகம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். விலை மிகக் குறைவு. யாரிடம் என்ன சொன்னோம், எந்தத் தேதி, எத்தனை மணி, அவர் என்ன பதில் சொன்னார் என்று ஒரு வரி. "12-ஆம் தேதி, காலை 6.40, சூப்பர்வைசருக்குப் போன், பிள்ளைக்குக் காய்ச்சல், சரி என்றார்." அவ்வளவுதான் எழுத வேண்டியது.